கைவிடப்பட்ட ஒரு விருதும் எங்கள் மாத நிரலும்

ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்தில் எங்கள் சின்னத் திரையரங்கின் டிக்கெட் கவுன்ட்டரில் ஒரு தாள் கிடைக்கும். முன்பக்கம் அடுத்த மாதப் படங்களின் பெயர், நாள், நேரம். பின்பக்கம் ஒவ்வொரு படத்துக்கும் நாலைந்து வரி. அந்த நாலைந்து வரிகளை எழுதுவது ஆறு வருடங்களாக என் பொறுப்பு. 84 இருக்கைகள், ஒரே திரை, ஒரே ப்ரொஜெக்டர். எந்தப் படம் என்று முடிவு செய்வது ஒரு அக்கா. ஓட்டுவது ஆப்பரேட்டர் அண்ணன். இருவருக்குமே தங்கள் பெயர் வெளியே வருவது பிடிக்காது. அதனால் இங்கேயும் அக்கா, அண்ணன் என்றே இருக்கட்டும்.

மார்ச் மாதத்துக்காக அக்கா அனுப்பிய பட்டியலில் ஆஸ்கர் வாரத்துக்கு ஐந்து படங்கள் இருந்தன. மேலே ‘பரிசுக்கு வெளியே’ என்று ஒரு தலைப்பு. கீழே சிட்டிசன் கேன், வெர்டிகோ, ழான் டீல்மன், பதேர் பாஞ்சாலி, கடைசியாக சன்ரைஸ். நான் உடனே போன் செய்தேன்.

“அக்கா, சன்ரைஸ் முதல் ஆஸ்கர்லயே ஜெயிச்ச படமாச்சே. அது எப்படி வெளியே?”

“படம் ஜெயிச்சுது. அது ஜெயிச்ச விருதைத்தான் மறு வருஷமே தூக்கிட்டாங்க. அதை எழுது” என்றார்.

நாலைந்து வரிக்குள் அதை அடக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக இங்கே எழுதுகிறேன்.

1929 மே 16, ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டல். முதல் அகாடமி விருது, அதாவது ஆஸ்கர் விழா. யாருக்கு என்ன விருது என்பது பிப்ரவரியிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. அதனால் மேடையில் கொடுத்து முடிக்க ஏறக்குறைய 15 நிமிடம்தான் ஆனது. (மூடிய உறை, உள்ளே யார் பெயர் என்ற பரபரப்பெல்லாம் 1941-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பத்திரிகை முடிவுகளை முன்கூட்டியே அச்சிட்டுவிட்டது.) அன்று படத்துக்கான பெரிய பரிசு இரண்டாக இருந்தது. ‘தலைசிறந்த படம்’ என்ற பரிசு வில்லியம் வெல்மனின் விங்ஸுக்குப் போனது. முதல் உலகப்போரின் விமானப்படை வீரர்களைப் பற்றிய, ஆகாயத்திலேயே எடுக்கப்பட்ட சண்டைக் காட்சிகளைக் கொண்ட பிரம்மாண்டமான படம். ‘தனித்தன்மையும் கலையழகும் கொண்ட படம்’ என்ற இன்னொரு பரிசு எஃப். டபிள்யூ. முர்னாவின் சன்ரைஸுக்கு. ஒன்றுக்கு மேலே இன்னொன்று என்று அந்த ஆண்டு யாரும் சொல்லவில்லை. மறு ஆண்டே இரண்டாவது பிரிவு எடுக்கப்பட்டது. பிற்பாடு, விங்ஸ் வாங்கியதுதான் ‘சிறந்த படம்’ விருதின் தொடக்கம் என்று அகாடமி வைத்துக்கொண்டது. விங்ஸ் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல படம், பெரிய உழைப்பு. என் மனம் கைவிடப்பட்ட அந்த இரண்டாவது பிரிவிலேயே நிற்கிறது.

அந்த இரண்டு பரிசுகளும் இரண்டு வேறு கேள்விகள். இந்த ஆண்டு எது எல்லா வகையிலும் மேலாக அமைந்த படம் என்பது ஒன்று. இதைப்போல வேறொன்று இல்லை என்று சொல்லத்தக்க படம் எது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஓட்டுப் போட்டு விடை காணலாம். இரண்டாவதற்கு ஓட்டு உதவாது. யாராவது ஒருவர் “எனக்கு இது” என்று சொல்லி, அதைத் திரையில் போட்டுக் காட்டத்தான் வேண்டும். அகாடமி அந்தக் கேள்வியைக் கீழே வைத்தது. சின்ன அரங்குகள் அதை எடுத்துக்கொண்டன. எங்கள் அக்கா ஒவ்வொரு மாதமும் ஒரு தாளில் எழுதுவது அதற்கான விடையைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் விருதுகள் இல்லாமல் எங்கள் அரங்கு ஓடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜனவரியில் பரிந்துரைப் பட்டியல் வெளியானதும் போன் அடிக்க ஆரம்பிக்கும். “அந்தப் படம் எப்ப வருது?” பட்டியலில் இருக்கும் படத்துக்கு விநியோகஸ்தர் போடும் நிபந்தனை பெரும்பாலும் ஒன்றுதான்: இரண்டு வாரம், எல்லாக் காட்சியும். பத்துத் திரை உள்ள இடத்தில் அது ஒரு மூலை. எங்களுக்கு அது முழு அரங்கு. இரண்டு வாரத்துக்கு அந்தத் தாளில் ஒரே பெயர்தான் இருக்கும். முதல் சனி ஞாயிறு ஹவுஸ்ஃபுல். இரண்டாவது வாரம் செவ்வாய் இரவுக் காட்சிக்கு ஆறு பேர். அந்த ஆறு பேருக்காக ஒரு பழைய படத்தைத் தள்ளி வைத்திருப்போம். ஆனாலும் அந்த முதல் சனி ஞாயிறுதான் ப்ரொஜெக்டருக்குப் புது விளக்கு வாங்கித் தருகிறது. அன்று முதல்முறையாக வந்தவர்கள் வெளியே போகும்போது தாளை எடுத்துப் பார்க்கிறார்கள். மற்ற வாரங்களில் பாதிக் கட்டு மிஞ்சும். அந்த வாரம் இரண்டு தடவை அச்சடிக்க வேண்டியிருக்கும்.

போன வருடம் அப்படி ஒரு படத்துக்கு ஹார்ட் டிஸ்க் புதன்கிழமையே வந்துவிட்டது. அண்ணன் அதை சர்வரில் ஏற்றிவைத்துவிட்டார். டிஜிட்டல் படம் என்பது பூட்டிய பெட்டி. அதைத் திறக்க ஒரு ‘கீ’ தனியாக மின்னஞ்சலில் வரும். எங்கள் சர்வருக்கு மட்டும், இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை மட்டும் என்று அதில் எழுதியிருக்கும். வெள்ளி மாலைக் காட்சிக்கு 70 பேர் உட்கார்ந்துவிட்டார்கள். கீ திறக்கவில்லை. அனுப்பியவர்கள் வேறு நேர மண்டலத்தின் கணக்கைப் போட்டுவிட்டார்கள். பெட்டி இன்னும் ஐந்து மணி நேரம் கழித்துத்தான் திறக்கும். அக்கா திரைக்கு முன்னால் போய் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னார். யாராவது கேட்டால் பதில் சொல்கிறேன் என்றார். கேட்டார்கள். முக்கால் மணி நேரம் அந்த ஆண்டின் படங்களைப் பற்றிப் பேச்சு ஓடியது. அண்ணன் கேபினில் போனை வைக்கவே இல்லை. புது கீ வந்து விளக்கு அணைந்தபோது நான் எண்ணிப் பார்த்தேன். எழுந்து போனவர்கள் நாலே பேர்.

அன்றைய பேச்சில் ஒரு இளைஞர் கேட்டது எனக்கு முக்கியமாகப் பட்டது. “பத்துப் படத்துல ஒண்ணை எப்படிங்க தேர்ந்தெடுக்கிறாங்க?” அக்கா சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன். 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து ‘சிறந்த படம்’ பிரிவுக்கு வரிசை ஓட்டு முறை வந்தது. ஓட்டுப் போடும் அகாடமி உறுப்பினர் ஒரே ஒரு பெயரை எழுதுவதில்லை. பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுகிறார். எந்தப் படத்துக்கும் பாதிக்கு மேல் முதலிடம் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்கும் படம் நீக்கப்படும். அதை முதலாவதாக எழுதியவர்களின் ஓட்டு அவர்களின் இரண்டாவது விருப்பத்துக்குப் போகும். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இப்படியே நடக்கும். ஆக, பலருடைய தாளில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருந்த படம் மெல்ல மெல்ல மேலே வரும்.

பல ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்க இதைவிட நியாயமான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதில் எந்த மாதிரிப் படம் தோற்கும் என்று யோசித்துப் பாருங்கள். நூறில் இருபது பேர் உயிராக நேசித்து முதலிடத்தில் எழுதி, மீதி எண்பது பேர் கடைசியில் தள்ளிய படம் தோற்கும். எங்களிடம் இருப்பது 84 இருக்கை. அந்த இருபது பேர் வந்தால் எங்களுக்கு அது நல்ல மாலை.

இன்னொன்றும் அக்கா அன்று சொன்னார். ஒரு பிரிவில் இறுதி ஓட்டுப் போட வேண்டுமானால் அந்தப் பிரிவில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை அகாடமி 2025 ஏப்ரலில்தான் அறிவித்தது. 98-ஆவது விருதுகளுக்குத்தான் அது முதன்முதலில் பொருந்தியது. அதற்கு முன்னால் பெரும்பாலான பிரிவுகளில் அப்படி ஒரு கட்டாயமே இல்லை. அரங்கில் ஒரு கணம் சத்தமே இல்லை. படம் பார்ப்பதற்காக முக்கால் மணி நேரம் காத்திருந்த கூட்டம் அது.

இனி அந்த ஐந்து படங்கள்.

சிட்டிசன் கேனைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதை. 1941-இல் வந்த ஆர்சன் வெல்ஸின் படம். 9 ஆஸ்கர் பரிந்துரைகள், திரைக்கதைக்கு மட்டும் ஒரு விருது. அந்த ஆண்டு சிறந்த படம் ஹவ் கிரீன் வாஸ் மை வேலி. பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை ஐந்து தடவையும் சிட்டிசன் கேன்தான் முதலிடம்.

வெர்டிகோவில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1958-இல் வந்த படம். கலை இயக்கம், ஒலி என்று இரண்டே பரிந்துரை, இரண்டும் கைக்கு வரவில்லை. அந்த ஆண்டு ஜிஜி என்ற இசைப்படம் பரிந்துரைக்கப்பட்ட ஒன்பது பிரிவிலும் வென்றது. வெர்டிகோவை இயக்கிய ஹிட்ச்காக்குக்கு இயக்கத்துக்கான ஆஸ்கர் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. உரிமை அவரிடமே இருந்த ஐந்து படங்கள் பல வருடம் திரையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தன, அவற்றில் ஒன்று வெர்டிகோ. ஒரு தலைமுறை ரசிகர்கள் அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அவர் இறந்த பிறகு, 1983, 84 வாக்கில்தான் அவை மறுபடி அரங்குக்கு வந்தன. 1992 வாக்கெடுப்பில் நான்காம் இடம், 2002-இல் இரண்டாம் இடம். 2012-இல் 846 பேர் வாக்களித்ததில் சிட்டிசன் கேனை இறக்கிவிட்டு வெர்டிகோ மேலே வந்தது. அந்த இருபது வருடத்தில் படத்தில் ஒரு காட்சி கூட மாறவில்லை. எத்தனையோ அரங்குகள் அதை எடுத்து ஓட்டின, அவ்வளவுதான். வெர்டிகோ எங்கள் தாளில் வரும்போதெல்லாம் அதில் எங்களுக்கும் ஒரு துளிப் பங்கு இருப்பதாக நான் நம்புகிறேன்.

2022 வாக்கெடுப்பில் 1,639 பேர் கலந்துகொண்டார்கள். முதலிடம் ழான் டீல்மன். சந்தால் ஆக்கெர்மனுக்கு அதை எடுத்தபோது 25 வயது நிறையவில்லை. 201 நிமிடம். கணவனை இழந்த ஒரு பெண்ணின் மூன்று நாள் வீட்டு வேலைகள். 1975-இல் கான் திரைப்பட விழாவின்போது அது காட்டப்பட்டது போட்டிப் பிரிவில் அல்ல, இயக்குநர்களுக்கான தனித் திரையிடலில். எந்தத் தங்க விருதும் அதன் பக்கம் வரவில்லை.

அதை எங்கள் அரங்கில் முதன்முதலில் போட்டபோது 19 பேர் வந்தார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். கேமரா நகராது. அந்தப் பெண்ணாக நடிக்கும் டெல்ஃபின் செரிக் சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவுகிறார். காட்சியை வெட்டிச் சுருக்காமல், சீவும் நேரம் முழுக்க நாமும் கூடவே இருக்கிறோம். முதல் ஒரு மணி நேரம் இருக்கைகள் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தன. மூன்று பேர் எழுந்து போனார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம், அந்தப் பெண் அடுப்பில் வைத்த கிழங்கு அதிகமாக வெந்துவிடுகிறது. அவர் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிறார். வேறு எந்தப் படத்திலாவது இதைக் கவனித்திருப்போமா? அன்று பதினாறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. ஒன்றரை மணி நேரம் பொறுமையாக உடன் இருந்ததற்கு அந்த ஒரு பாத்திரம் பதில் தந்தது. வீட்டில் போனை இடையிடையே பார்த்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்த்தால் கிழங்கு வெந்தது தெரியாது. தெரியாவிட்டால் படமே இல்லை. இருட்டு, எழுந்து போக கூச்சம், பக்கத்தில் இன்னொருவர் மூச்சு விடும் ஓசை, இவை சேர்ந்துதான் அந்தக் காட்சியை உண்டாக்குகின்றன. வரிசை ஓட்டில் இந்தப் படம் எந்தக் காலத்திலும் பாதியைத் தாண்டாது. தாண்ட வேண்டியதும் இல்லை.

பதேர் பாஞ்சாலியை இந்தத் தலைப்பின் கீழே போடலாமா என்று எனக்கும் அக்காவுக்கும் வாக்குவாதமே நடந்தது. 1956-இல் கான் விழா அதற்கு ‘சிறந்த மானுட ஆவணம்’ என்று ஒரு பரிசு கொடுத்தது. 1992-இல் அதன் இயக்குநர் சத்யஜித் ரேவுக்கு அகாடமி கௌரவ ஆஸ்கர் கொடுத்தது. கொல்கத்தா மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே அவர் நன்றி சொன்னதை உலகம் பார்த்தது. அடுத்த மாதம் 23-ஆம் தேதி காலமானார். அதற்கு முன்னால் அவருடைய ஒரு படம்கூட ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருந்ததில்லை. ஆக வெளியேதான் என்பது அக்காவின் வாதம்.

நான் இன்னொரு பக்கத்தைச் சொன்னேன். அந்தக் கௌரவ விருதுக்காக அவருடைய படங்களிலிருந்து சில துண்டுகளை மேடையில் காட்ட வேண்டியிருந்தது. தேடியபோது காட்டும்படியான நல்ல பிரதியே கிடைக்கவில்லை. அந்தக் கவலையிலிருந்துதான் படங்களைக் காப்பாற்றும் வேலை ஆரம்பித்தது. மூல நெகடிவ்கள் லண்டனில் ஒரு லேப்புக்குப் போயிருந்த நேரத்தில், 1993-இல், அங்கே தீப்பிடித்தது. கருகியும் உருகியும் எஞ்சியவற்றை யாரும் குப்பை என்று எறியவில்லை. அவை அகாடமியின் ஆவணக் காப்பகத்துக்குப் போய் ஏறக்குறைய இருபது வருடம் காத்திருந்தன. பிறகு பழைய படங்களைச் சீர்செய்து வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனமும் அகாடமி காப்பகமும் சேர்ந்து இத்தாலியின் போலோன்யாவில் உள்ள லேப்பில் அவற்றைச் சரிசெய்தார்கள். வறண்டு முறுகிய பிலிமுக்கு ஈரம் ஊட்டி, ஓரத்துளைகளை ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டி, அங்குலம் அங்குலமாக வேலை நடந்தது. பதேர் பாஞ்சாலியின் நெகடிவில் சுமார் 40 சதவீதத்தை மீட்க முடிந்தது. மீதியை மற்றப் பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். 2015-இல் அது மறுபடி திரைக்கு வந்தது.

எங்கள் அரங்கில் ஓடப்போவது அந்தப் பிரதிதான். அதற்கு முன்னால் நான் அந்தப் படத்தைப் பார்த்ததெல்லாம் கோடு விழுந்த, ஒலி கரகரத்த பிரதிகளில். முதன்முறையாகத் தெளிவான பிரதியில் பார்த்தபோது, குளத்தின் மேல் முதல் மழைத்துளி விழும் காட்சியில் ஒவ்வொரு துளியின் வட்டமும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் அழுதேன். அந்த மழையின் துக்கத்துக்காக அழுதேனா, அது தீயிலிருந்து தப்பி வந்ததற்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு விருது இதைச் செய்யுமென்றால் அந்த விருதுக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன். இதைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “தலைப்பு அப்படியே இருக்கட்டும். நீ சொன்னதைப் பின்பக்கம் எழுது” என்றார். எழுதினேன்.

சன்ரைஸுக்கும் ஒரு தீ உண்டு. 1937-இல் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது அதன் மூல நெகடிவ் போய்விட்டது. நாம் இன்று பார்ப்பது தப்பிப் பிழைத்த பிரதியிலிருந்து எடுத்தது. ஒளிப்பதிவுக்கான முதல் ஆஸ்கரும் அந்தப் படத்துக்குத்தான், சார்லஸ் ரோஷருக்கும் கார்ல் ஸ்ட்ரஸுக்கும் கிடைத்தது. நிலா வெளிச்சத்தில் கதாநாயகனான கிராமத்து மனிதன், மனைவிக்குத் தெரியாமல் தன் காதலியான நகரத்துப் பெண்ணைப் பார்க்கச் சதுப்பு நிலத்தின் வழியாக நடந்து போகும்போது கேமரா பின்னாலேயே மிதந்து வரும், அவனை விட்டு விலகும், அவனுக்கு முன்பே போய்க் காத்திருக்கும். படத்தில் பேச்சு கிடையாது, எழுத்து அட்டைகள்தான். மனைவியை நீரில் மூழ்கடிக்கச் சொல்லி அந்த நகரத்துப் பெண் கேட்கும் அட்டையில், எழுத்துகளே தண்ணீரில் அமிழ்வதுபோலக் கீழே வழிந்து இறங்கும். பார்த்து எத்தனையோ வருடமாகியும் அந்த எழுத்துகள் வழிவது எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

மார்ச் மாதத் தாள் நேற்று அச்சாகி வந்தது. சன்ரைஸ் ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு, ஒரே ஒரு காட்சி. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஓடும். ஊமைப்படம் என்றாலும் 1927-இல் படச்சுருளிலேயே பதிவு செய்த இசை உண்டு, அதைத்தான் போடுகிறோம். கீ வந்துவிட்டது. அண்ணன் நேர மண்டலத்தை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டார்.